அடிபட்டவன் எங்கே போனான்? ரவுடிப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று பார்க்கிற வழி

பெரிய ஹீரோ படம் வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்றால் எங்கள் வீட்டில் திங்கட்கிழமையே பேச்சு ஆரம்பித்துவிடும். பெரியவனுக்கு 16 வயது, பிளஸ் ஒன். சின்னவளுக்கு 13. "கிளாஸ்ல எல்லாரும் போறாங்கம்மா" என்று அவன் ஒரு பக்கம், "அவன் போனா நானும் வருவேன்" என்று அவள் ஒரு பக்கம், நடுவில் குடியாத்தத்திலிருந்து என் தம்பி போன் போட்டு, "பசங்கள நான் கூட்டிட்டுப் போறேன்க்கா, இதுக்குப் போய் இன்னா யோசிக்கிற" என்று கேட்பான். யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. எதையுமே காட்டமாட்டேன் என்று இந்தக் காலத்தில் பிள்ளை வளர்க்க முடியாது, எல்லாவற்றையும் காட்டிவிடுவது என்றால் பெற்றவர்கள் எதற்கு. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பார்த்து, நம் பிள்ளைக்கு இது சரிப்படுமா என்று முடிவெடுப்பதுதான் வழி. அதை நான் எப்படிச் செய்கிறேன் என்று எழுதுகிறேன்.

நான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் 17 வருஷமாக நர்ஸ். பழைய வட ஆற்காட்டின் எல்லா மூலையிலிருந்தும், எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். விபத்து, மாரடைப்பு, பாம்புக்கடி, இவற்றுக்கு நடுவில் வெட்டுக்காயமும் கத்திக்குத்தும். அதனாலோ என்னவோ, தியேட்டரில் எல்லாரும் ஹீரோவைப் பார்க்கும்போது என் கண் கீழே விழுந்தவன் மேல்தான் இருக்கும். இவனை யார் தூக்கினார்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனான், அவன் அம்மாவுக்கு யார் போன் செய்தார்கள் என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் கேள்வியைத்தான் இப்போது அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

சான்றிதழ் எவ்வளவு தூரம் உதவும்

முதலில் சான்றிதழைப் பாருங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். 1952-ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டப்படி தியேட்டரில் ஓடும் எந்தப் படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். நாம் சின்ன வயதில் பார்த்தது யு, யு/ஏ, ஏ என்கிற எழுத்துகள். யு/ஏ என்றால் 12 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் யோசித்துக் கூட்டிப் போக வேண்டும் என்று அர்த்தம். 2023-இல் சட்டத்தைத் திருத்தி, 2024-இல் புது விதிகள் வந்த பிறகு அந்த யு/ஏ மூன்றாகப் பிரிந்துவிட்டது: 7+, 13+, 16+. போஸ்டரில் யு/ஏ 16+ என்று போட்டிருந்தால் 14 வயதுப் பையனைத் தியேட்டர்காரர் தடுத்து நிறுத்துவார் என்று நினைக்காதீர்கள். அந்த எண் பெற்றவர்களுக்குச் சொல்லப்படுகிற யோசனை மட்டும்தான், முடிவு நம் தலையில். ஏ மட்டும்தான் கட்டாயம். 18 நிரம்பாதவர்களை அப்பா அம்மா கூடவே வந்தாலும் உள்ளே விடக்கூடாது.

ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு படத்துக்கு வேறு வேறு எழுத்து கிடைப்பதும் உண்டு. ரஜினிகாந்த் நடித்த 'ஜெயிலர்' 2023-இல் யு/ஏ வாங்கியது, அவரே நடித்த 'கூலி' 2025-இல் ஏ வாங்கியது. யு/ஏ வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் கிடைக்கவில்லை. இரண்டிலும் வெட்டுக்கும் ரத்தத்துக்கும் குறைவில்லை. முதல் படத்துக்குப் பிள்ளைகளோடு போன குடும்பங்கள் இரண்டாவதற்கு அதே நினைப்பில் டிக்கெட் எடுத்தால் வாசலில் நிற்க வேண்டியதுதான். அதனால் ஹீரோவை நம்பி முடிவு செய்யாதீர்கள், முன்பதிவு செய்யும்போதே எழுத்தைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, எந்தப் பிரதியைப் பார்க்கப் போகிறோம் என்பது. தியேட்டரில் ஓடியது ஒன்று, டிவியில் வருவது இன்னொன்று, ஓ.டி.டி.யில் இருப்பது மூன்றாவது. ஏ படத்தை அப்படியே டிவியில் போட முடியாது, வெட்டிக் குறைத்து மறுபடி சான்றிதழ் வாங்கினால்தான் உண்டு. ஓ.டி.டி.யில் 2021-ஆம் ஆண்டு விதிகள்படி அந்தத் தளமே தன் படத்துக்கு வயது வகையைக் குறித்துக்கொள்கிறது. தியேட்டரில் பீப் சத்தம் போட்டு மறைத்த கெட்ட வார்த்தை அங்கே முழுசாகக் கேட்கலாம், மங்கலாக்கின காட்சி தெளிவாகத் தெரியலாம். "பொங்கலுக்கு டிவியில பார்த்தோமே, ஒண்ணும் இல்லையே" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வதை வைத்து ஓ.டி.டி.யில் போட்டுவிடாதீர்கள்.

நான் தவறாமல் செய்கிற ஒரு காரியம் உண்டு. நம் பெரிய படங்கள் பலவும் பிரிட்டனிலும் ரிலீஸாகின்றன, அங்கே பி.பி.எஃப்.சி. என்கிற அமைப்பு 12ஏ, 15, 18 என்று வயது குறிக்கிறது. 15 போட்டுவிட்டால் 14 வயதுப் பிள்ளையை அப்பாவே கைபிடித்துக் கூட்டிப் போனாலும் விடமாட்டார்கள். எழுத்தை விட எனக்குப் பிடித்தது, ஏன் அந்த வயது என்று அவர்கள் இணையதளத்தில் எழுதும் சின்னக் குறிப்பு. ரத்தம் எந்த அளவு, சித்திரவதை உண்டா, தற்கொலை வருகிறதா, பாலியல் வன்முறை பேச்சில் மட்டுமா காட்சியிலுமா என்று ஒளிவு மறைவு இல்லாமல் போட்டிருப்பார்கள். படத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் போதும், இரண்டு நிமிஷ வேலை.

ஆட்களிடம் கேட்பதென்றால் "படம் எப்படி?" என்று கேட்காதீர்கள். "மாஸ்", "மொக்கை" என்று ஒரு வார்த்தைதான் பதிலாக வரும். எங்கள் லேபில் வேலை பார்க்கும் தம்பி ஒருத்தர் முதல் நாள் முதல் காட்சியை விடமாட்டார், அவரிடம் நான் கேட்கிறது இதுதான்: யாரையாவது கட்டிப்போட்டு அடிக்கிறாங்களா? குழந்தையை ஏதாவது செய்றாங்களா? பெண்ணை வைத்து ஹீரோவைப் பழிவாங்குற காட்சி இருக்கா? இன்டர்வெல் எதில் நிற்குது? முதல் தடவை கேட்டபோது சிரித்தார், இப்போது அவரே ஞாயிற்றுக்கிழமை டூட்டிக்கு வரும்போது, "சிஸ்டர், ரெண்டாவது பாதியில் ஒரு குடோன் சீன் இருக்கு, பாப்பாவுக்கு வேணாம்" என்று சொல்லிவிடுகிறார்.

நாமே முன்கூட்டிப் பார்ப்பது

ஓ.டி.டி. படம் என்றால் இதற்குச் சாக்கே கிடையாது. இரண்டே முக்கால் மணி நேரம் யாருக்கு இருக்கிறது என்றால், எனக்கும் இல்லை. நைட் டியூட்டி முடிந்து சத்துவாச்சாரியில் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுக்கிறதுக்கு முன்னால் கிடைக்கிற அரை மணியில் செல்போனில் பார்க்கிறேன். முழுசாகப் பார்க்க முடியாவிட்டால் நான்கு இடத்தைப் பாருங்கள்: ஹீரோ வருகிற காட்சி, இன்டர்வெலுக்கு முந்தின பத்து நிமிஷம், ஃப்ளாஷ்பேக், கிளைமாக்ஸ்.

இதில் ஃப்ளாஷ்பேக்கைத்தான் ரொம்பக் கவனமாகப் பார்க்க வேண்டும். நம் ரவுடிப் படங்களில் பெரும்பாலும் ஹீரோ கத்தி எடுத்ததற்கு நியாயம் அங்கேதான் இருக்கும். தங்கச்சியைக் கொன்றுவிட்டார்கள், அப்பாவை அவமானப்படுத்தினார்கள் என்று ஒரு காரணம். நாமும் அழுதுவிடுவோம், அழுத கண்ணோடு அதற்கப்புறம் அவன் வெட்டுகிற அத்தனை பேரையும் சரிதான் என்று விட்டுவிடுவோம். என் பையன் வயதில் இந்தக் கணக்கு இன்னும் வேகமாக ஓடும்: எனக்கு அநியாயம் நடந்தால் நான் எது செய்தாலும் தப்பில்லை. ஃப்ளாஷ்பேக் அந்த நியாயத்தைக் கேள்வி கேட்கிறதா, கைதட்டிக் கொடுக்கிறதா என்று பாருங்கள். பழிவாங்கி முடித்தபிறகு அவன் முகத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் ஒரு சண்டைக் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். இதை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன், பக்கத்தில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள், ஹெட்போன் கிடைக்கவில்லை. பி.ஜி.எம். இல்லாமல் பார்த்தபோது உடம்பெல்லாம் கூசியது. அதுவரை கெத்தாகத் தெரிந்த அதே காட்சியில் ஒரு ஆள் ஓடிப் போகிறவனை முதுகில் வெட்டுகிறான், அவ்வளவுதான். இன்னொரு காட்சியில் நேர்மாறாக, சத்தம் போனதும் ஒன்றுமே மிஞ்சவில்லை, வெறும் தூசியும் குதிப்பும். அந்த இரண்டாவது ரகத்தைப் பற்றி நான் அவ்வளவு பயப்படுவதில்லை.

படத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா

இதுதான் நான் சொல்ல வந்ததே. ரத்தம் எத்தனை லிட்டர் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. ரத்தமே காட்டாத படம் பிள்ளை மனசைக் கெடுக்கலாம், ரத்தம் நிறைய இருக்கிற படம் கத்தி மேல் வெறுப்பை உண்டாக்கலாம். அடிபட்டவனுக்கு அப்புறம் என்ன ஆனது என்று படம் காட்டுகிறதா, அதைத்தான் நான் பார்க்கிறேன்.

நிஜத்தில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். கத்தி வரும்போது எந்த மனுஷனும் கையைத்தான் முன்னால் நீட்டுவான். அதனால் உள்ளங்கையிலும் விரல் மடிப்பிலும் வெட்டு விழும். நரம்பு கட்டாகிவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள், பல நேரம் அது விரலை மடக்குகிற தசைநாண். அதை ஆபரேஷன் செய்து தைக்கலாம், ஆனால் தைத்த கையை வாரக்கணக்கில் கட்டி வைத்து, அப்புறம் மாதக்கணக்கில் பிசியோதெரபி செய்தாலும் பழைய பிடி எல்லாருக்கும் திரும்ப வராது. 20 வயதுகூட ஆகாத ஒரு பையன், எந்த ஊர் எந்த வருஷம் என்று சொல்லமாட்டேன், டிஸ்சார்ஜ் ஆகிற அன்று சட்டை பட்டனைப் போட முயற்சி செய்துகொண்டிருந்தான். கட்டுப் போட்ட கை அசையவில்லை, இடது கையால் முதல் பட்டன் ஓட்டையைத் தேடிக்கொண்டே இருந்தான், பட்டன் நழுவிக்கொண்டே இருந்தது. அவன் அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வயிற்றில் குத்து வாங்கினவன் படத்தில் ஒரு பக்கம் வசனம் பேசிவிட்டுச் சாவான், அல்லது துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி சண்டைக்கு வருவான். நிஜத்தில் குடல் கிழிந்தால் வயிற்றைத் திறந்துதான் சரி செய்ய வேண்டும், சிலருக்கு மலம் வெளியே வருவதற்கு வயிற்றில் வழி வைத்துப் பை மாட்டி மாதக்கணக்கில் வீட்டுக்கு அனுப்புவோம். தலையில் கட்டையால் அடித்தால் ஹீரோ கொஞ்ச நேரம் மயங்கி எழுந்து தலையை உலுக்கிவிட்டுப் போவார். மயக்கம் என்றால் மூளைக்கு அடி என்று அர்த்தம், சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும், உள்ளே ரத்தம் கசிந்தால் உயிர் போகலாம். பிழைத்தாலும் ஞாபக மறதி, எரிச்சல், தலைவலி என்று எத்தனையோ மாதம் இழுக்கும்.

இவ்வளவையும் படம் காட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு காட்சி போதும். ஒரு அம்மா ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறது, கை போனவன் டீக்கடையில் கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்கிறது, வெட்டினவனே ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து உட்கார்கிறது. இந்த மாதிரி ஏதாவது இருந்தால் அந்தப் படத்துக்கு என் கையில் பாதி மார்க் விழுந்துவிடும்.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, படத்தில் செத்தவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது என்று குறித்துப் பாருங்கள். ஹீரோவின் நண்பன் செத்தால் ஐந்து நிமிஷம் பாட்டு, ஊர்வலம், மாலை. எதிராளியின் ஆட்கள் முப்பது பேர் செத்தால் பெயரும் இல்லை, வீடும் இல்லை, தியேட்டரில் விசில். பெயர் இல்லாதவன் உயிருக்கு மதிப்பில்லை என்று இரண்டரை மணி நேரம் பழக்கிவிடுகிற படத்தை 13 வயதுப் பிள்ளைக்கு நான் காட்டமாட்டேன், அதில் ரத்தம் துளிகூட இல்லை என்றாலும்.

சில விஷயங்களுக்கு எனக்கு நிதானமே கிடையாது. பாலியல் வன்முறையைக் கதைக்குத் திருப்பம் கொடுக்க மட்டும் பயன்படுத்தி, அந்தப் பெண்ணை அப்புறம் மறந்துவிடுகிற படம் எங்கள் வீட்டில் யாருக்கும் வேண்டாம். சித்திரவதையை நிறுத்தி நிதானமாக ரசிக்கிற மாதிரி எடுத்ததும் அப்படித்தான். சாதிப் பெருமையையும் அரிவாளையும் சேர்த்து வைத்து மீசை முறுக்குகிற படத்தையும் தள்ளித்தான் வைக்கிறேன். 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதற்கப்புறம்தான் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள், பள்ளிக்கூடத்தில் சாதி தெரிகிற மாதிரிக் கையில் கலர் கயிறு கட்டக்கூடாது என்று அந்தக் குழு 2024-இல் சொன்னது. நம் பையன் கையிலும் கயிறு இருக்கலாம், அவன் ஸ்டேட்டஸில் எந்தப் பாட்டு ஓடுகிறது என்றும் பாருங்கள்.

நம் பிள்ளை எப்படிப்பட்டது

என் பெண்ணைப் பற்றி நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். யு/ஏ படம்தான், குடும்பத்தோடு போனோம். ரத்தத்தைப் பார்த்துப் பயப்படுவாள் என்று நினைத்து, அந்த மாதிரிக் காட்சி வரும்போது கண்ணை மூடிக்கோ என்று சொல்லியிருந்தேன். அவள் கண்ணை மூடவில்லை, காதைப் பொத்தினாள். கட்டிப்போட்ட ஒரு ஆள் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிற காட்சி, திரையில் ரத்தமே இல்லை, அந்தக் குரல்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. அதற்கு முன்பே பாப்கார்ன் எடுத்த கை பாதியில் நின்றுவிட்டது, நான் பார்த்தேன், பார்த்தும் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசை நினைத்து இன்டர்வெல் வரை உட்கார வைத்தேன். அதற்கப்புறம் மூன்று நாள் என் பக்கத்தில்தான் படுத்தாள்.

அதிலிருந்து இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். ஓரத்து சீட்தான் எடுப்பது. கையை இரண்டு தடவை அழுத்தினால் காரணம் கேட்காமல் எழுந்து வெளியே போய்விடுவது. அண்ணன் முன்னால் பயம் என்று வாயால் சொல்ல அவளுக்கு வெட்கம், கையை அழுத்துவதற்கு வெட்கம் இல்லை.

பொதுவாக 13, 14 வயதில் பயம்தான் பிரச்சினை, 16, 17 வயதில் பயப்படாமல் இருப்பதுதான் பிரச்சினை. ஆனால் வயதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. வீட்டில் அப்பா அம்மாவை அடிக்கிறதைப் பார்த்த பிள்ளை, சொந்தத்தில் யாரையாவது கொலையில் பறிகொடுத்த பிள்ளை, ஸ்கூலில் தினமும் அடி வாங்குகிற பிள்ளை, இவர்களுக்கு நல்ல படமாக இருந்தாலும் இந்த வகை இப்போதைக்கு வேண்டாம். அடிக்கிற கூட்டத்தோடு ஏற்கெனவே சுற்றுகிற பையனுக்கும் வேண்டாம், அவனோடு முதலில் பேச வேண்டியது வேறு.

பெரியவன் விஷயத்தில் எனக்குப் பயம் வந்தது ஒரு வீடியோவைப் பார்த்துத்தான். பாலாற்று மணலில் அவன் நண்பனின் நண்பன் யாரோ ஒருவனுக்குப் பிறந்தநாள், பட்டாக்கத்தியால் கேக் வெட்டுகிறார்கள், மேலே ஒரு படத்தின் பி.ஜி.எம். "செம்மயா இருக்குல்லம்மா" என்று என்னிடமே காட்டினான். அந்தக் கத்தியைப் பற்றி அவனுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை, அதுதான் எனக்குப் பக்கென்றது. இப்படிக் கேக் வெட்டி, ஸ்டேட்டஸ் போட்டு, போலீஸில் மாட்டுகிற பையன்களைப் பற்றிப் பேப்பரில் அடிக்கடி வருகிறது. அன்றைக்கு நான் திட்டவில்லை. அவன் ரொம்பப் பிடித்துப் பார்த்த ஒரு படத்தை எடுத்து, "இதுல நீ யாரு?" என்று கேட்டேன். ஹீரோ என்றான், வேறு என்ன சொல்வான். "ஹீரோ சொன்னதும் கத்தி எடுத்துட்டு ஓடுறாங்களே பத்து பேர், அதுல கடைசில ஓடுறவனுக்கு இன்னா வயசு இருக்கும்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "என் வயசுதான் இருக்கும்" என்றான்.

அந்த இடத்தில்தான் சட்டத்தைச் சொன்னேன். 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி 16 முடிந்து 18 நிரம்பாத பையன் கொலை மாதிரிக் கொடிய குற்றத்தில் மாட்டினால், சிறார் நீதிக் குழுமம் விசாரித்துப் பார்த்து, பெரியவர்களைப் போலவே அவன் மேல் வழக்கு நடத்தலாம் என்று அனுப்ப முடியும். தொரப்பாடி ஜெயிலைத் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற ஊர்க்காரர்கள் நாம், காகிதப்பட்டறையில் சிறார்களுக்கான அரசு இல்லமும் இருக்கிறது. படத்தில் ஜெயில் என்றால் ஹீரோ நடந்து வருகிற வாசல் ஒன்றுதான், வாசலுக்கு வெளியே மனு கொடுத்துவிட்டு வெயிலில் காத்திருக்கிற ஆயாக்களை எந்தப் படத்திலும் அதிகம் பார்த்ததில்லை.

வேண்டாம் என்று சொல்கிற விதம், வீட்டுப் பூட்டு

வேண்டாம் என்றால் காரணத்தோடு சொல்லுங்கள். "பரீட்சை வருது" என்று சொன்னால் பரீட்சை முடிந்ததும் வந்து நிற்பான். "அந்தக் குடோன் காட்சியில் ஒருத்தரை இருபது நிமிஷம் அடிக்கிறாங்க, அதுக்கப்புறம் அவர் என்ன ஆனார்னு படம் சொல்லவே இல்ல, அதனால வேணாம்" என்று சொன்னால் சண்டை போட்டாலும் பேசுவதற்கு ஒரு விஷயம் இருக்கும். முடிந்தால் தேதியும் சொல்லுங்கள்: தியேட்டரில் வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் நானும் உட்காருகிறேன், சேர்ந்து பார்க்கலாம். தியேட்டரில் இருட்டு, இடி மாதிரிச் சத்தம், முதல் நாள் கூட்டத்தின் விசில், மூன்றும் சேர்ந்து வெட்டுக்குக் கைதட்ட வைக்கும். வீட்டு ஹாலில் டியூப் லைட் வெளிச்சத்தில், நடுவில் நிறுத்தி இட்லி மாவு எடுத்து வைத்துவிட்டு வந்து பார்க்கிறபோது அதே காட்சிக்கு அந்த வேகம் இருக்காது.

தாய்மாமனிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். என் தம்பிக்கு நான் மெசேஜ் அனுப்பிவிடுவேன், எந்தப் படம் ஓகே, எது இல்லை, ஏன் என்று. ஆரம்பத்தில் கோபித்துக்கொண்டான், அவனுக்கும் இப்போது பெண் குழந்தை பிறந்துவிட்டது, புரிந்துகொள்கிறான்.

ஓ.டி.டி.யில் யு/ஏ 13+ முதல் மேலே இருக்கிற படங்களுக்குப் பூட்டு வசதி தர வேண்டும் என்பது விதி. பிள்ளைக்குத் தனி புரொஃபைல் வைத்து வயதைக் குறித்துவிட்டு, உங்கள் புரொஃபைலுக்கு பின் நம்பர் போடுங்கள். பிறந்த வருஷத்தை பின்னாக வைக்காதீர்கள், முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பார்கள்.

பூட்டுக்குச் சிக்காதது ரீல்ஸும் ஷார்ட்ஸும். படத்தையே பார்க்காத பிள்ளை அந்தப் படத்தின் ஐந்து கொடூரமான வெட்டையும் செல்போனில் பார்த்திருக்கும், முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை, அழுகிற அம்மாவும் இல்லை, வெறும் வெட்டும் பி.ஜி.எம்.மும் மட்டும். சில படங்களை நான் அனுமதித்ததற்குக் காரணமே இதுதான். துண்டாகப் பார்த்துவிட்டான் என்று தெரிந்தால், முழுசாகவே பார்க்கட்டும், என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

படம் முடிந்ததும் கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள். தியேட்டரிலிருந்து வெளியே வந்ததும் பரோட்டா வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டி வாருங்கள், பேச்சு தானாக வரும், அன்றைக்கு வராவிட்டால் மறுநாள் வரும். போன மாதம் ஒரு படம், பெரியவனை மட்டும் கூட்டிப் போனேன். மார்க்கெட்டில் ஒரு துரத்தல், குறுக்கே வந்த தக்காளி வண்டிக்காரர் தோளில் ஒரு வெட்டு, கூடை கவிழ்ந்தது, கேமரா ஹீரோ பின்னால் ஓடிப்போனது. மறுநாள் காலை ஷூ லேஸ் கட்டிக்கொண்டே கேட்டான்.

"அம்மா, அந்தத் தக்காளிக்காரர் பொழைச்சிருப்பாரா?"

"எந்தப் பக்கம் வெட்டு?"

"வலது தோள்."

"சீக்கிரம் கொண்டு வந்திருந்தா பொழைச்சிருப்பார். நிறைய ரத்தம் போயிருக்கும், ரத்தம் ஏத்தணும். தோள்ல கைக்குப் போற நரம்பெல்லாம் இருக்கு, அது அறுந்திருந்தா கையைத் தூக்கறது கஷ்டம்."

"அப்போ வண்டி தள்ள முடியாதா?"

"பல மாசத்துக்கு முடியாது. அதுக்கப்புறமும் சொல்ல முடியாது."

லேஸை இழுத்துக் கட்டினான். "அவருக்குப் பசங்க இருப்பாங்கல்ல" என்றான், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, பையை எடுத்துக்கொண்டு ஓடினான்.